கார் டாஷ்போர்டில் பதினொரு பட்டாம்பூச்சி போச்சு, வேறு எந்தப் பிளாஸ்டிக்கில் செய்யலாம்?

பவளமல்லி • மே 16, மாலை 4:12

எல்லோருக்கும் வணக்கம். இரண்டு வாரம் ராத்திரி ராத்திரியாக உட்கார்ந்து செய்த பதினொரு பட்டாம்பூச்சி நேற்று ஒரே மத்தியானத்தில் போய்விட்டது. அந்த வயிற்றெரிச்சலில்தான் இந்த இழையைத் தொடங்குகிறேன்.

வெந்நீரில் போட்டால் இளகுமே, ஜவ்வரிசி மாதிரி வெள்ளை மணியாக வரும் பிளாஸ்டிக், அதை ஆன்லைனில் கால் கிலோ வாங்கியிருந்தேன். இந்த நவராத்திரிக்குக் கொலுவில் பூங்கா வைக்கும்போது முளைவிட்ட கேழ்வரகுக்கும் வெந்தயத்துக்கும் மேலே பட்டாம்பூச்சி பறக்கிற மாதிரி கம்பியில் குத்தி நிறுத்த வேண்டும் என்று ஆசை. மணிகளை வெந்நீரில் போட்டதும் கண்ணாடி போலத் தெளிந்து ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்கிறது. கரண்டியால் அள்ளிப் பிசைந்து, சப்பாத்திக் கட்டையால் தேய்த்து, கத்தரியால் இறக்கை வெட்டி, ஆறுவதற்குள் நடுவில் மடக்கிவிட வேண்டும். ஆறினால் பால் வெள்ளை. மேலே அக்ரிலிக் பெயிண்ட் அடித்தேன், அது இரண்டே நாளில் தோல் உரிகிற மாதிரி உரிந்தது, அது தனிக்கதை.

அம்மாவிடம் காட்டலாம் என்று தஞ்சாவூர் கல்யாணத்துக்குப் போகும்போது அட்டைப்பெட்டியில் அடுக்கி டாஷ்போர்டில் வைத்தேன். மண்டப வாசலில் காரை நிறுத்திவிட்டுச் சாப்பிட்டு வர ஒன்றரை மணி நேரம் ஆகிவிட்டது. வந்து பார்த்தால் பதினொன்றும் இறக்கை தொங்கி, பெட்டியின் அடியோடு ஒட்டி, மழையில் நனைந்த காக்கா மாதிரி கிடக்கின்றன. நான் செய்ததில் தப்பா, வாங்கிய பொருளே மட்டமா? எனக்குக் குறைந்தது முப்பது வேண்டும். யாராவது வழி சொல்லுங்கள்.

அச்சுப்பிழை • மே 16, மாலை 5:40

பொருள் மட்டமில்லை அக்கா, அதன் குணமே அதுதான். அந்த மணியின் பெயர் பாலிகாப்ரோலாக்டோன், சுருக்கமாகப் பிசிஎல். எந்தப் பெயரில் விற்றாலும் உள்ளே இதுதான். சுமார் 60 டிகிரி செல்சியஸில் இளகும். கையால் பிசையும் சூட்டிலேயே ஒரு பிளாஸ்டிக் இளகுகிறது என்பதுதான் இதன் சிறப்பு, நம் ஊரில் அதுவேதான் வினை. மே மாத வெயிலில் கண்ணாடி ஏற்றிய காரின் டாஷ்போர்டு 60-ஐத் தாண்டுவது சாதாரணம். நீங்கள் பெட்டியை வெந்நீர்ப் பாத்திரத்துக்குள் வைத்துவிட்டுச் சாப்பிடப் போனதாக நினைத்துக்கொள்ளுங்கள்.

தொங்கிப்போனதைத் தூக்கி எறிய வேண்டாம். பெயிண்டை உரித்துவிட்டு மறுபடி வெந்நீரில் போட்டால் மறுபடி கண்ணாடி, மறுபடி மாவு. எத்தனை முறை வேண்டுமானாலும் உருக்கலாம்.

பெயிண்ட் உரிவதற்கும் காரணம் உண்டு. இதன் மேற்பரப்பு பாலிதீன் பை மாதிரி வழுவழுப்பு, எதையும் பிடிக்காது. நிறத்தை மேலே பூசாமல் உள்ளே பிசைய வேண்டும். இளகியிருக்கும்போது மைக்கா பவுடரை (மினுமினுக்கும் நிறத்தூள்) ஒரு சிட்டிகை தூவி, பரோட்டா மாவு மாதிரி மடித்து மடித்து இழுத்தால் நிறம் உள்ளேயே இறங்கிவிடும். பாதியில் நிறுத்தினால் பளிங்குக்கல் கோடு மாதிரி அழகாக இருக்கும். பட்டாம்பூச்சிக்கு அந்தப் பாதிப் பிசைவுதான் சரி.

ஓட்டைவாளி • மே 16, மாலை 6:03

தண்ணீர் பாட்டிலை வெட்டி மெழுகுவர்த்தியில் காட்டி நெளித்தால் முடிந்தது. செலவே இல்லை. எங்கள் தெருவில் நவராத்திரிக்கு அதைத்தான் தொங்க விடுகிறார்கள்.

நூல்கண்டு • மே 16, இரவு 9:25

ஓட்டைவாளி சொல்வது தூரத்தில் தொங்க விடச் சரி, கொலுவில் கண்ணுக்குப் பக்கத்தில் வைக்க ஆகாது. பாட்டில் பிளாஸ்டிக்கின் பெயர் பெட் (PET), சூடு பட்டால் எந்தப் பக்கம் சுருளும் என்று அதற்கே தெரியாது. வெந்நீர் ஊற்றினால் பாட்டில் கூனிக்குறுகுவதைப் பார்த்திருப்பீர்கள் இல்லையா, ஆகவே காரில் வைத்தால் அதுவும் நெளியலாம்.

பவளமல்லி, உங்களுக்கு வேண்டியது ஷ்ரிங்க் ஷீட். நான் எட்டு வருடமாகக் காதணி செய்து விற்கிறேன், முக்கால்வாசி இதில்தான். மெல்லிய பாலிஸ்டைரீன் தாள். தயாரிக்கும்போதே இரண்டு பக்கமும் இழுத்து நீட்டி, அப்படியே ஆற வைத்துவிடுவார்கள். அடுப்பில் சூடு பட்டதும் பழைய அளவுக்கே சுருங்கி ஓடிவிடும். 1973-ல் அமெரிக்காவில் விஸ்கான்சினில் இரண்டு அம்மாக்கள் ஷ்ரிங்கி டிங்க்ஸ் என்ற பெயரில் இதைப் பிள்ளைகளின் விளையாட்டுப் பொருளாக விற்கத் தொடங்கினார்கள். இது இளகுவதற்கு 100 டிகிரி அளவு வேண்டும், டாஷ்போர்டு ஒன்றும் செய்ய முடியாது. ஆனால் நேர் வெயிலில் மாதக்கணக்கில் வைத்தால் மஞ்சள் பூக்கும், அதையும் சொல்லிவிடுகிறேன்.

கணக்கு இதுதான். பத்து சென்டிமீட்டர் வெட்டினால் நாலேகால், நாலரை வரும். முதலில் ஒரு சின்னச் சதுரத்தை வெட்டிச் சுருக்கி அளந்து பாருங்கள், கம்பெனிக்குக் கம்பெனி மாறும். நீளவாக்கிலும் அகலவாக்கிலும்கூடக் கொஞ்சம் வித்தியாசம் இருக்கும். இதைத்தான் எல்லோரும் கோட்டை விடுகிறார்கள். தாளில் இடம் மிச்சம் பிடிக்கிறேன் பேர்வழி என்று இடது இறக்கையை நேராகவும் வலது இறக்கையைக் குறுக்காகவும் வரைந்து வெட்டினால், சுருங்கியதும் ஒன்று குட்டை ஒன்று நெட்டை. இரண்டும் ஒரே திசையில் இருக்க வேண்டும்.

பரப்பு ஐந்தில் ஒரு பங்காகும், அதனால் தாள் ஐந்து மடங்கு கனமாகும், நிறமும் ஐந்து மடங்கு அழுத்தமாகும். கலர் பென்சிலால் தடவியதும் தெரியாததும் போல அடித்தால் போதும். அதற்கு முன் தாளை நைஸ் உப்புத்தாளால் குறுக்கும் நெடுக்கும் தேய்த்துச் சொரசொரப்பாக்க வேண்டும், இல்லையென்றால் பென்சில் வழுக்கும். கம்பி நுழையத் துளை வேண்டுமா, முன்னாலேயே பஞ்சிங் மெஷினால் போட்டுவிடுங்கள், அதுவும் சுருங்கி அளவாக வந்துவிடும். சுருங்கிய பிறகு துளை போட்டால் விரிசல் விடும்.

பவளமல்லி • மே 17, காலை 7:10

நூல்கண்டு அக்கா, கோடி நன்றி. என்னிடம் ஓ.டி.ஜி (மின்சார ஓவன்) இருக்கிறது, கேக் செய்யும் அதிலேயே வைக்கலாமா? அப்புறம் கேக் வாங்கி வரும் பெட்டி மூடி ஒளிஊடுருவும் பிளாஸ்டிக்தானே, அது சுருங்காதா? வீட்டில் ஒரு மூட்டை இருக்கிறது.

நூல்கண்டு • மே 17, காலை 11:48

பெட்டியின் அடியில் முக்கோணத்துக்குள் எண் இருக்கும், பாருங்கள். 6 என்றால் பாலிஸ்டைரீன், சுருங்கும். 1 என்றால் பெட், அடுப்பில் வைத்தால் கோணல்மாணலாக முறுக்கிக்கொள்ளும். நம் ஊர்ப் பேக்கரிகளில் எனக்குக் கிடைப்பது பெரும்பாலும் 1-தான். 3 என்று இருந்தால் தொடவே தொடாதீர்கள். அது பிவிசி, சூடேறினால் ஹைட்ரோகுளோரிக் அமிலப் புகை வரும். எண்ணே இல்லாததை அடுப்பில் வைக்கக் கூடாது என்பது என் வீட்டுச் சட்டம்.

ஓ.டி.ஜியில் செய்யலாம், ஆனால் தட்டு தனி, சன்னலைத் திறந்து வையுங்கள், அன்றைக்குக் கேக் கிடையாது. 160 டிகிரியில் பத்து நிமிடம் முன்சூடு. பட்டர் பேப்பரின் மேல் இறக்கை, இறக்கையின் மேல் லேசாக முகப்பவுடர். உள்ளே போனதும் அரை நிமிடத்தில் அப்பளம் மாதிரி சுருண்டு எழும், தன்மேல் தானே விழுந்து மடங்கும், எல்லாம் கெட்டுவிட்டது என்று தோன்றும். கதவைத் திறக்காதீர்கள். பவுடர் போட்டிருந்தால் ஒட்டாது, கொஞ்ச நேரத்தில் தானாகவே படிந்து தட்டையாகும். தட்டையாகி இன்னும் பத்து விநாடி கழித்து எடுங்கள்.

எடுத்த பிறகு உங்களுக்கு இருப்பது நாலைந்து விநாடி. பருத்திக் கையுறை போட்டுக்கொண்டு மர ஸ்கேல் விளிம்பில் வைத்து நடுவில் மடக்கினால் பறக்கிற வடிவம். பிந்திவிட்டால் வற்புறுத்தாதீர்கள், டப் என்று உடையும். மறுபடி அடுப்பில் வைத்தால் மறுபடி இளகும்.

இறகுக்கணக்கு • மே 17, இரவு 8:30

குறுக்கே வருவதற்கு மன்னிக்கவும். நான் கைவினைக்காரன் இல்லை, ஞாயிற்றுக்கிழமைகளில் கேமராவோடு பட்டாம்பூச்சி பின்னால் அலைகிறவன். கடைகளில் விற்கும் அலங்காரப் பட்டாம்பூச்சிகளைப் பார்த்தாலே எனக்கு அரிக்கும். நான்கு இறக்கையையும் வயிற்றில் ஒட்டியிருப்பார்கள், ஈர்க்குச்சியில் காகிதத்தைச் சொருகிய மாதிரி. உடல் மூன்று பாகம்: தலை, மார்பு, வயிறு. நான்கு இறக்கையும் ஆறு காலும் மார்பில்தான். வயிறு இறக்கைகளுக்கு நடுவே சும்மா பின்னால் நீண்டு கிடக்கும், அதில் எதுவும் ஒட்டியிருக்காது. முன் இறக்கை மேலே, பின் இறக்கை அதற்கு அடியில் கொஞ்சம் நுழைந்திருக்க வேண்டும். உணர்கொம்பின் நுனியில் குமிழ் உண்டு. இறகு மாதிரி கிளை விட்டால் அது அந்துப்பூச்சி.

முப்பது செய்யப் போகிறீர்கள் என்றால் முப்பதையும் ரோஸ் நிறத்தில் அடிக்காதீர்கள், உங்கள் ஊரில் பறப்பதையே செய்யுங்களேன். வெந்தயச் செடிக்கு மேலே வெந்தய வரியன் பறக்கட்டும், பெயரே பொருத்தம்: ஆரஞ்சு இறக்கை, முன் இறக்கை நுனி கறுப்பு, அதில் ஒரு வெள்ளைப் பட்டை. எருக்கஞ்செடி இருக்கும் இடத்தில் நின்றால் பார்க்கலாம், அதில் முட்டையிடும். எலுமிச்சை அழகி கறுப்பும் வெளிர்மஞ்சளும், வால் கிடையாது. கறிவேப்பிலை அழகி கறுப்பு, பின் இறக்கையில் வெள்ளைப் புள்ளி வரிசை, வால் உண்டு. அப்புறம் தமிழ் மறவன். 2019-ல் மாநிலப் பட்டாம்பூச்சியாக அறிவித்தார்கள், முழுக்க ஆரஞ்சு, ஓரத்தில் கறுப்புக் கரை, கண்டாங்கிச் சேலைக் கரை மாதிரி. அது மேற்குத் தொடர்ச்சி மலைக்காரன், உங்கள் மாடிக்கு வராது, ஆனால் கொலுவுக்கு வரலாம்.

திருச்சியில்தானே இருக்கிறீர்கள்? ஸ்ரீரங்கம் மேலூரில் 2015-ல் திறந்த வண்ணத்துப்பூச்சிப் பூங்கா இருக்கிறது. காலை வெயிலில் போனால் இறக்கையை விரித்து உட்கார்ந்திருக்கும், படம் எடுத்துக்கொள்ளலாம்.

ஓட்டைவாளி • மே 17, இரவு 8:41

சுண்டல் வாங்க வருகிறவர்கள் வயிற்றிலா மார்பிலா என்று பூதக்கண்ணாடி வைத்தா பார்க்கப் போகிறார்கள்?

இறகுக்கணக்கு • மே 17, இரவு 8:44

நான் சுண்டல் வாங்க வருவேன்.

பனங்கூடல் • மே 18, அதிகாலை 3:15

இங்கே கனடாவில், ஸ்காபரோவில் இப்போது மாலை, அதனால் நேரத்தைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். ஊர் யாழ்ப்பாணம். எங்களுக்கு டாஷ்போர்டுப் பிரச்சினை வருடத்தில் இரண்டு மாதம்தான், மிச்ச மாதம் எல்லாம் காருக்குள் வைத்தது விறைத்துப் போகும்.

நான் வண்ணத்துப்பூச்சி செய்வது பாலிமர் களியில். நல்ல வடிவாக வரும். பெயர்தான் களி, உண்மையில் பிவிசித் தூளைப் பிளாஸ்டிசைசரில் (பிளாஸ்டிக்கை இளக்கும் திரவம்) குழைத்தது. ஃபீமோ கம்பெனிக் களி என்றால் 110 டிகிரியில் அரை மணித்தியாலம், ஸ்கல்ப்பி கம்பெனி என்றால் 130. நூல்கண்டு சொன்ன அந்த அமிலப் புகை இதற்கும் பொருந்தும், சொன்ன வெப்பத்தைத் தாண்டக் கூடாது, அவ்வளவுதான். அடுப்புக்குள் தனியாக ஒரு வெப்பமானி வையுங்கோ, அடுப்பின் குமிழில் எழுதியிருப்பதை நம்பாதீர்கள்.

இதில் ஒரு கெட்டித்தனம் இருக்கிறது. நிறநிறமாக உருட்டிச் சேர்த்து, இறக்கையின் கோலம் உள்ளே ஓடுகிற மாதிரி ஒரு தடிமனான உருளை கட்டுவோம். வாழைத்தண்டை எங்கே வெட்டினாலும் அதே வட்டம் தெரியுமே, அதுபோல எங்கே சீவினாலும் அதே இறக்கை. ஒரு சீவலை அப்படியே வையுங்கோ, அடுத்த சீவலைப் புரட்டி வையுங்கோ, இடமும் வலமும் கண்ணாடியில் பார்த்த மாதிரி வரும். ஒரு உருளையில் முப்பது இறக்கை இருக்கும். ஆனால் பாரம். மெல்லிய கம்பியில் நிறுத்தினால் தலை குனிந்துவிடும்.

நூல்கண்டு • மே 18, காலை 10:02

வாழைத்தண்டு உவமை பிரமாதம், இனிமேல் வகுப்பில் நானும் இதையே சொல்லப் போகிறேன். கம்பியில் நிற்க வேண்டும் என்பதால்தான் நான் ஷ்ரிங்க் ஷீட் சொன்னேன். அச்சுப்பிழை தம்பி கோபித்துக்கொள்ளக் கூடாது, எங்கள் ஊர் வெயிலுக்கு அந்த ஜவ்வரிசிப் பிளாஸ்டிக் காசைக் கரைக்கும் வேலை.

அச்சுப்பிழை • மே 18, மதியம் 1:20

கோபம் இல்லை அக்கா, ஆனால் ஒத்துக்கொள்ளவும் மாட்டேன். உங்கள் ஷீட் கண்ணாடி மாதிரி, கீழே விழுந்தால் வால் போச்சு, கொம்பு போச்சு. பிசிஎல் நைலான் மாதிரி, மாடியிலிருந்து போட்டாலும் உடையாது. அடுப்பு வேண்டாம், புகை இல்லை, ஆறு வயதுப் பிள்ளைகூடப் பெரியவர் ஒருவர் வெந்நீரைப் பார்த்துக்கொண்டால் செய்துவிடும். தண்ணீர் கொதிக்கக் கூடாது, 65-லிருந்து 70 போதும். கொதித்தால் பிசுபிசுப்பாகிப் பாத்திரத்தின் அடியில் அப்பிக்கொள்ளும். பாத்திரமும் எவர்சில்வராக இருக்கட்டும், பிளாஸ்டிக் கிண்ணம் என்றால் அதோடு ஒட்டிக்கொண்டு இரண்டும் ஒன்றாகிவிடும் ஆபத்து உண்டு. சப்பாத்திக் கட்டைக்குப் பதில் நனைத்த கண்ணாடி பாட்டில். நரம்பு போட டூத்பிக். கம்பி சொருக வேண்டுமா, கம்பியை நெருப்பில் காட்டிச் சுடச்சுட உள்ளே தள்ளுங்கள், உருகி வாங்கிக்கொள்ளும். நுனியைக் கொக்கி மாதிரி வளைத்துவிட்டால் எந்தக் காலத்திலும் கழலாது.

ஒன்று மட்டும் ஒப்புக்கொள்கிறேன், இறக்கை மெல்லிசாக வராது. தேய்க்கத் தேய்க்க ஆறிவிடும், மெல்லிசாக இருந்தால் இன்னும் சீக்கிரம் ஆறும். இரண்டு மில்லிமீட்டருக்குக் கீழே நான் போனதில்லை. அக்காவின் இறக்கை, என் உடம்பு என்று வைத்துக்கொள்ளலாமா?

நூல்கண்டு • மே 18, மதியம் 1:52

உடம்புக்கு எம்-சீல். பிளம்பர் வைத்திருக்கும் அதே எம்-சீல். பிசைந்து, இறக்கையைச் சொருகி, சில மணி நேரம் விட்டால் கல்.

பவளமல்லி • ஜூன் 9, இரவு 10:30

காணாமல் போனதற்கு மன்னிக்கவும், பள்ளி திறக்கிற அமளி. பத்துத் தாள் வாங்கி நேற்று உட்கார்ந்தேன். நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன், சிரிக்காதீர்கள்.

முதல் தட்டில் நான்கு வைத்தேன். சுருண்டு எழுந்ததும், நூல்கண்டு அக்கா அத்தனை சொல்லியும், கை தானாகக் கதவைத் திறந்துவிட்டது. உள்ளே சூடு இறங்கி நான்கும் பாதி சுருண்டபடியே நின்றுவிட்டன, வெற்றிலையை மடித்து வைத்த மாதிரி. மறுபடி சூடேற்றினேன், இரண்டு பிழைத்தன. வெந்தய வரியனுக்கு ஆரஞ்சை ஆசையாக அழுத்தி அடித்திருந்தேன், சுருங்கியதும் செங்கல் நிறம். கறுப்பு ஓரமும் அதுவும் ஒன்றாகிவிட்டன.

இரண்டாவது தட்டு நன்றாக வந்தது. பென்சிலைத் தொட்டும் தொடாமலும் அடித்தேன், மடக்கியதும் சரி. அந்தச் சந்தோஷத்தில் பளபளப்பாக இருக்கட்டும் என்று மேலே ட்ரான்ஸ்பரண்ட் நகப்பூச்சு தடவினேன். ஐந்து நிமிடத்தில் இறக்கை முழுவதும் மூடுபனி. விரலை வைத்தால் ரேகை பதிகிறது. இது என்ன கொடுமை?

அச்சுப்பிழை • ஜூன் 9, இரவு 11:05

நகப்பூச்சில் இருக்கும் கரைப்பான் பாலிஸ்டைரீனைக் கரைக்கும் அக்கா. தெர்மாகோலில் பெட்ரோல் ஊற்றினால் மறைந்துவிடும் வித்தையைப் பார்த்திருப்பீர்களே, தெர்மாகோலும் இதே பாலிஸ்டைரீன்தான். தின்னர் கலந்த வார்னிஷும் அப்படித்தான். தண்ணீர் சார்ந்த வார்னிஷ் வாங்குங்கள்.

நூல்கண்டு • ஜூன் 10, காலை 9:15

இதை முன்னாலேயே சொல்லாதது என் தப்பு. நகப்பூச்சை வேறு இடத்தில் வைத்துக்கொள்ளலாம். மோட்டார் காயில் கட்டும் கடையில் செம்புக் கம்பி எடைக்குத் தருவார்கள், எனாமல் பூசியது, மயிரிழை கனத்தில். அதை இரண்டு சென்டிமீட்டர் வெட்டி, நுனியை மட்டும் கறுப்பு நகப்பூச்சில் முக்கி, காய்ந்ததும் மறுபடி முக்கி, மூன்றாவது முறையில் அந்த இறகுக்கணக்குக்காரர் கேட்ட குமிழ் வந்துவிடும். காய்ந்த பிறகு தலையில் சொருகுங்கள். கொம்பை ஷீட்டிலேயே வெட்ட முயன்றால் கை பட்டதும் ஒடியும்.

தாளைப் பற்றியும் ஒரு வார்த்தை. உங்களுக்கு வேண்டிய அகலம் நாலு சென்டிமீட்டர் என்றால் ஒன்பதரை வரைய வேண்டும். ஏ4 தாளில் ஆறு நிற்கும், நெருக்கினால் எட்டு. மீதி இருக்கும் தாளே தாராளம், இன்னும் நாலு கெடுக்கலாம்.

பனங்கூடல் • ஜூன் 10, மாலை 6:40

கெட்டதை எறியாமல் வையுங்கோ பிள்ளை. பாதி சுருண்டது இலையாகும். அந்தச் செங்கல் நிறம் சருகுக்கு அசல்.

இறகுக்கணக்கு • ஜூன் 10, இரவு 9:00

மூடுபனி விழுந்த இறக்கையின் படம் போடுங்கள். பட்டாம்பூச்சி இறக்கையின் நிறமே மேலே தூள் மாதிரி அடுக்கிய செதில்கள்தான், வயதான பட்டாம்பூச்சியில் அது உதிர்ந்து மங்கிப் போகும். உங்களுடையது கிழப் பட்டாம்பூச்சி என்று சொல்லி நான் ஏற்றுக்கொள்கிறேன்.

பவளமல்லி • செப்டம்பர் 2, இரவு 9:50

ஆக மொத்தம் இருபத்தாறு தேறியிருக்கின்றன. ஒன்பது வெந்தய வரியன், ஏழு எலுமிச்சை அழகி, ஆறு தமிழ் மறவன், நான்கு கறிவேப்பிலை அழகி. கடைசி நான்கிலும் வால் வெட்டும்போதே எனக்கு மூச்சு நின்றது, முப்பது என்ற கணக்கை அங்கேயே விட்டுவிட்டேன். முன் இறக்கை தனி, பின் இறக்கை தனி, ஜோடிகள் எல்லாம் ஒரே திசையில் வெட்டியது. இறக்கை அடியை உப்புத்தாளில் உரசிவிட்டு எம்-சீல் மார்பில் சொருகினேன், அப்படி உரசாமல் வைத்த முதல் இரண்டும் கழன்று வந்துவிட்டன. வயிற்றில் எதுவும் ஒட்டவில்லை, இறகுக்கணக்கு அண்ணா திருப்தியா? மேலூர்ப் பூங்காவுக்கும் போனோம். என் பையன் ஒரு நீல நிறப் பூச்சியின் பின்னால் ஓடி ஓடிச் செருப்பை அறுத்துக்கொண்டான்.

ஒரு சந்தேகம். கொலுப் பூங்காவில் மண்ணுக்குள் கம்பியை நட்டால் ஈரத்தில் சாய்கிறது, நேராக நிற்க என்ன செய்யலாம்?

அச்சுப்பிழை • செப்டம்பர் 2, இரவு 10:11

தொங்கிப்போன அந்தப் பதினொன்றும் இன்னும் இருக்கின்றனவா?

பவளமல்லி • செப்டம்பர் 2, இரவு 10:13

பெட்டியோடு அப்படியே பரண் மேல் இருக்கின்றன.

அச்சுப்பிழை • செப்டம்பர் 2, இரவு 10:20

வெந்நீரில் போட்டு உருக்குங்கள், ஒட்டிய அட்டை ஊறிப் பிரிந்துவிடும். புளியங்கொட்டை அளவு உருண்டை எடுத்துத் தட்டி, கம்பியைச் சுட்டு நடுவில் சொருகுங்கள். மண்ணுக்குள் புதைந்தால் அடிக்கட்டை. மண்ணுக்கடியில் 60 டிகிரி வராது என்று நான் உறுதி தருகிறேன்.

ஓட்டைவாளி • செப்டம்பர் 2, இரவு 10:22

விளக்கை மட்டும் மண்ணுக்கடியில் ஏற்றாமல் இருந்தால் சரி.

பவளமல்லி • நவராத்திரி நான்காம் நாள், இரவு 11:15

கொலு வைத்தாயிற்று. கடுகு, வெந்தயம், கேழ்வரகு மூன்றும் முளைத்துப் பூங்கா பச்சென்று இருக்கிறது, நடுவில் கண்ணாடித் துண்டில் குளம். இருபத்தாறில் இப்போது இருபத்து மூன்று நிற்கின்றன. பக்கத்து வீட்டு வாண்டு இரண்டு எலுமிச்சை அழகியைப் பிடுங்கிப் பையில் போட்டுக்கொண்டான், அவன் அம்மா ஒன்றைத் திருப்பிக் கொடுத்தார், கொம்பு இல்லாமல். கறிவேப்பிலை அழகி ஒன்றுக்கு வால் போச்சு, எதிர்பார்த்ததுதான்.

அடிக்கட்டை எல்லாம் அந்தப் பழைய பதினொன்றை உருக்கியது. பெயிண்டை முழுக்க உரிக்க முடியவில்லை, ரோஸும் பச்சையும் உள்ளேயே பிசைந்து பளிங்குக் கோடு மாதிரி ஆகிவிட்டது, அச்சுப்பிழை சொன்ன அதே பாதிப் பிசைவு. மண்ணுக்குள் இருப்பதால் யாருக்கும் தெரியாது. இரண்டு கட்டை மிஞ்சியது, குடைக் கைப்பிடி உடைந்திருந்தது, அதில் வைத்து அழுத்திவிட்டேன். நன்றாகப் பிடித்திருக்கிறது. குடையைக் காரில் வைக்கக் கூடாது என்று வீட்டில் எல்லோரிடமும் சொல்லி வைத்திருக்கிறேன்.